ஹீலியம் மட்டும்

செவ்வாய்க்கிழமை, ஜார்ஜ்டவுன்,
இரண்டாம் மாடி, காயக் கிளினிக்.
லிஃப்ட் மறுபடி பழுது.
சிலிண்டரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்,
மின்பெட்டியை நான்.

கருவியைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.
பேனா அளவுக்கு ஒரு பீங்கான் குழாய்,
அதற்குள் ஊசிமுனை,
ஊசிக்கு ஆறாயிரம் வோல்ட்.
அந்த வழியாக ஓடும் ஹீலியம்
தன் எலக்ட்ரான்களில் கொஞ்சத்தைத் தொலைத்துவிட்டு
ஊதாவாக வெளியே வருகிறது,
ஒரு விரற்கடை நீளம்.
தொட்டால் சுடாது.
மின்னலுக்குப் பல்லைப் பிடுங்கி
வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று
மானியக் கமிட்டியிடம் ஒருமுறை சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.

முதலில் புவான் நோர்ஹாயாத்தி.
ஊதா நாக்கு அவர் குதிகால் குழியை
ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவுகிறது.
கிருமிகளின் சுவர் கிழியும் என்பது என் கணக்கு.
"செமுட்," என்கிறார் அவர். எறும்பு.
அறையில் அந்த வாசனை,
இடி விழுந்த பிறகு திடலில் வருமே, அது.

அடுத்து சூசைநாதன்.
பிறை கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வெல்டர்.
இடது காலில் கட்டைவிரல் இல்லை.
பாதத்தில் ஐம்பது காசு அகலத்துக்குக் காயம்,
அதைச் சுற்றி உணர்ச்சி இல்லை.
ஆணி ஏறியதை
சாக்ஸ் நனைந்த பிறகுதான் பார்த்தாராம்.

கணினி அவரை இரண்டாம் பிரிவில் போட்டிருக்கிறது.
இரண்டாம் பிரிவுக்கு ஹீலியம் மட்டும்.
அதே பேனா, அதே திரை, அதே தொண்ணூறு வினாடி,
மின்சாரம் கிடையாது.
யாருக்கு எது என்று டாக்டருக்குத் தெரியாது,
நோயாளிக்குத் தெரியாது,
காயத்தை அளக்கிற சாய் ஹூனுக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும்.
நல்லவேளை, மாஸ்க் இருக்கிறது.

மூன்றாவது வாரம் சொன்னார்:
"தங்கச்சி, இன்னைக்கும் ஆர்க் பிடிக்கல."
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"கால்தான் செத்துப்போச்சு, மூக்கு சாகல.
முன்னால போன அம்மாவுக்கு
வெளிய பெஞ்சு வரைக்கும் வாசம் வந்துச்சு.
எனக்கு வெறும் காத்து."

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
சம்மதத் தாளில் மூன்று மொழியில் போட்டிருக்கிறோம்:
சிகிச்சை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.
தமிழ் என்னுடையது.
ஒரு 'லாம்' மீது ஒரு மனிதர்
எட்டு வாரம் உட்கார்ந்திருப்பார் என்று
எழுதும்போது நினைக்கவில்லை.

"அப்போ வராம இருந்துருவீங்களா?"
கேட்டிருக்கக் கூடாது. கேட்டதே பதில்.

அவர் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"பட்டறையில ஒட்டுன தகட்டையும் வளைச்சுப் பாப்போம்,
ஒட்டாத தகட்டையும் வளைச்சுப் பாப்போம்.
இல்லாட்டி ஒட்டு பலமான்னு
எதோட வச்சுப் பாக்குறது?
நான் அந்த ஒட்டாத தகடு.
தகட்டுக்கு பஸ் காசு மட்டும் குடுத்துருங்க."

பதினைந்து ரிங்கிட். ஃபெர்ரிக்கும் சேர்த்து.
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

நான்காம் வாரம் அறைக்கு மின்விசிறி வந்தது,
வாசனையை வெளியே தள்ள.
சூசைநாதனின் மூக்கு
எங்கள் அறிக்கையில் ஒரு வரி:
'ஆய்வுமுறையில் சிறு திருத்தம்.'

எட்டாம் வாரம் சாய் ஹூன்
கண்ணாடித் தாளைக் காயத்தின் மேல் வைத்து
ஓரம் வரைந்தாள்.
நான்கு மில்லிமீட்டர் சுருங்கியிருந்தது.
வெறும் காற்றுக்கும்
உப்புத்தண்ணீருக்கும்
தவறாத எட்டுச் செவ்வாய்க்கும்.
என் வரைபடத்துக்கு அது கெட்ட செய்தி.
கழிப்பறைக்குப் போய்
மாஸ்க்கைக் கழற்றிச் சிரித்துவிட்டு வந்தேன்.

அவர் படியில் இறங்கும்போது
பட்டர்வொர்த் பக்கம் வானம் கறுத்திருந்தது.
எங்கோ மிக அருகில் ஒன்று விழுந்தது.
திருப்பத்தில் நின்று,
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு,
ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டினார்.
பிறகு மேலே என்னைப் பார்த்து,

"இது பிடிச்சிருச்சு."